குதிகாலுக்கு இடம் விட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. கோவளம் தாண்டி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மகள் புதிதாக வாங்கிய ரோடு சைக்கிளைக் கடைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். அலாய் ஃபிரேம், கார்பன் ஃபோர்க், 28 மில்லிமீட்டர் டயர், எடை பத்து கிலோவுக்குச் சற்றுக் கீழே. ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிவிடலாம். அவள் தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றியபோது, சட்டையின் முதுகு அந்தப் பையின் வடிவத்திலேயே நனைந்திருந்தது.

“சித்தப்பா, இதுக்கு ஒரு கேரியர் போடணும். சனிக்கிழமை பாண்டிச்சேரி போய் ஞாயித்துக்கிழமை திரும்பணும்னு ஆசை. ஆன்லைன்ல பார்த்தா நூறு வகை வருது. எது வாங்கட்டும்?”

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வராது. லேசான சைக்கிளில் பின் கேரியரைத் தனிச் சாமானாக நினைத்து வாங்கக் கூடாது. அந்தச் சைக்கிளின் பின்பாதி எதை ஏற்கும், எதை ஏற்காது என்று பார்த்த பிறகுதான் பையைப் பற்றி யோசிக்கவே முடியும். இரண்டு டீ சொல்லிவிட்டு, “உட்காரும்மா, மெதுவா சொல்றேன்” என்றேன்.

முதுகுப்பை வேண்டாம் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. ரோடு சைக்கிளில் முன்னால் குனிந்து உட்காருகிறோம். முதுகில் வைக்கும் நாலு கிலோ இடுப்பிலும், சீட்டில் படியும் எலும்பிலும், உள்ளங்கையிலும் போய் இறங்குகிறது. முதல் ஒரு மணி நேரம் தெரியாது. ஐந்தாவது மணியில், மரக்காணம் உப்பளங்களின் வெயிலில், அது மட்டும்தான் தெரியும். சென்னையிலிருந்து பாண்டிச்சேரி இந்தச் சாலையில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்குப் பாரத்தைச் சைக்கிள் சுமக்கட்டும்.

ஆனால் கேரியர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் கண்ணுக்குள் வருகிற படம் ஒன்று உண்டு. அதை முதலில் ஓரமாக வைக்க வேண்டும். அவள் அப்பாவிடம் ஒரு கறுப்பு ஹெர்குலிஸ் இருந்தது. 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த வண்டி. ரேஷன் கடையிலிருந்து 25 கிலோ அரிசி மூட்டையை அதன் கேரியரில் வைத்துக் கயிறு கட்டி, என்னை முன் பாரில் உட்கார வைத்து அண்ணன் மிதித்து வருவார். கேரியர் முனகாது, சக்கரம் வளையாது. தண்ணீர்க் குடம், பால் கேன், வாழைத்தார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் என்று தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பாதிச் சுமையை அந்த இரும்புக் கேரியர்கள்தான் தூக்கின.

அது எப்படித் தாங்கியது என்று பார்த்தால், இவளுடைய சைக்கிள் ஏன் தாங்காது என்பதும் புரியும். அந்த வண்டியின் பின் சக்கரத்தில் 40 கம்பி. முன் சக்கரத்தில் 32. பாரம் பின்னால்தான் வரும் என்று தெரிந்து கட்டிய கணக்கு அது. டயர் ஒன்றரை அங்குல அகலம். கேரியரின் கால்கள் ஃபிரேமில் எங்கோ ஒரு சின்னத் துளையில் தொங்கவில்லை; பின் ஆக்ஸிலிலேயே கோத்து, சக்கரத்தை இறுக்கும் அதே நட்டால் இறுக்கப்பட்டிருந்தன. பாரம் நேரே ஆக்ஸிலில் இறங்கியது. சீட்டுக்குப் பின்னால் சக்கரம் தள்ளி இருந்தது. மொத்த வண்டியும் இருபது கிலோவுக்கு மேல். ரோடு சைக்கிளிலோ கம்பி குறைவு. 28, 24, சிலவற்றில் 20கூட. ஆக்ஸில் உள்ளே துளையுள்ளது, நட்டு கிடையாது, ஒரு நெம்புகோலோ நீளத் திருகோதான் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகப் பின் சக்கரத்தை மிதிக்கும் இடத்துக்கு எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்கியிருக்கிறார்கள். பக்கத்துச் சைக்கிள் கடையில் கிடைக்கும் கேரியரை இதில் மாட்டச் சொன்னால் மெக்கானிக் எதையாவது வளைத்து மாட்டிக் கொடுத்துவிடுவார். அந்த வளைப்புதான் பிறகு உடையும்.

“சரி, அப்ப முதல்ல எதைப் பார்க்கணும்?”

ஓட்டையைப் பார்க்க வேண்டும். அவளைக் குனிந்து பின் சக்கரத்தின் ஆக்ஸில் பக்கம் போன் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். ஆக்ஸிலுக்குச் சற்று மேலே, ஃபிரேமின் இரு பக்கமும், உள்ளே மரை வெட்டிய சின்னத் துளை ஒவ்வொன்று இருக்கிறதா? ஐந்து மில்லிமீட்டர் போல்ட் போகும் துளை. நாலு மில்லிமீட்டர் ஆலன் கீ போட்டு முடுக்குவது. இருந்தது. சிலவற்றில் பிளாஸ்டிக் மூடி போட்டோ, சின்னத் திருகு ஒன்றைச் செருகியோ அனுப்பியிருப்பார்கள். அதனால் பலர் தங்கள் வண்டியில் துளையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து, சீட்டுக்குக் கீழே இரண்டு மெல்லிய குழாய்கள் ஃபிரேமோடு சேரும் இடத்தில் இன்னொரு ஜோடித் துளை இருக்க வேண்டும். அது இவளுடையதில் இல்லை.

கீழே உண்டு, மேலே இல்லை என்பது மிகச் சாதாரணமான நிலை. கீழ்த் துளையை மட்கார்டுக்காக வைத்திருப்பார்கள். இதற்கு நல்ல தீர்வு உண்டு. சீட் போஸ்ட்டை இறுக்கும் வளையத்தைக் கழற்றிவிட்டு, இரு பக்கமும் கேரியர் போல்ட்டுக்கு மரை வெட்டிய வளையம் ஒன்றை மாட்டலாம். பழைய வளையத்தின் உள்விட்டத்தைப் பார்த்து வாங்க வேண்டும், 28.6, 31.8, 34.9 மில்லிமீட்டர் என்பவை அடிக்கடி வரும் அளவுகள். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் சீட் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். சில புது ஃபிரேம்களில் வெளியே வளையமே இருக்காது, ஃபிரேமுக்குள்ளிருந்து ஆப்பு வைத்து இறுக்குவார்கள். அங்கே இந்த வழி அடைபட்டுவிடும். சீட்டுக்குக் கீழேயுள்ள அந்த இரண்டு மெல்லிய குழாய்களைச் சுற்றி ரப்பர் வைத்த கவ்விகள் போடுவது இன்னொரு வழி. இரும்பு ஃபிரேமில் தாராளமாகப் போடலாம். அலுமினியத்தில் பார்த்துப் போடலாம். கார்பனில் போடவே கூடாது.

கார்பனைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்லிவிட வேண்டும். கார்பன் பலவீனமான பொருள் என்று ஒரு பயம் இருக்கிறது, அது சரியில்லை. எந்தத் திசையில் விசை வரும் என்று கணக்குப் போட்டு இழைகளை அடுக்கியிருக்கிறார்கள். அந்தத் திசையில் அது இரும்போடு போட்டி போடும். ஆனால் மெல்லிய குழாயைச் சுற்றி நெரிக்கிற விசை அந்தக் கணக்கிலேயே கிடையாது. கேரியர் கவ்வியை இறுக்கினால், உள்ளே அடுக்கு விட்டுப்போவது வெளியே தெரியாது. அதனால் துளை இல்லாத கார்பன் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டே வழி. ஒன்று, கேரியரே இல்லாமல் சீட்டுக்குப் பின்னால் கட்டும் பை. மற்றது, ஆக்ஸிலிலேயே கால் ஊன்றும் கேரியர். பிரிட்டனின் டெயில்ஃபின் போன்றவர்கள் செய்வது இந்த வகை. பழைய ஆக்ஸிலை எடுத்துவிட்டு அவர்களுடைய ஆக்ஸிலைப் போட்டால் கேரியரின் கால்கள் அதன் இரு நுனியிலும் நிற்கும். ஹெர்குலிஸ் கேரியரின் அதே பழைய அறிவுதான், பாரம் நேரே ஆக்ஸிலுக்குப் போகிறது. விலைதான் நெஞ்சை அடைக்கும். நல்ல அலாய் சைக்கிள் ஒன்றின் விலையில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும்.

சீட் போஸ்ட்டிலிருந்து பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கை கேரியரையும் அவள் போனில் காட்டினாள். நெம்புகோலைத் திருப்பினால் மாட்டிவிடலாம், எந்தத் துளையும் வேண்டாம். நம் ஊரில் அதிகம் விற்பது இதுதான். இதற்கு எழுதியிருக்கும் பார வரம்பு பொதுவாக ஏழிலிருந்து பத்து கிலோ. பள்ளத்தில் விழும்போது அதே ஏழு கிலோ பல மடங்காக இழுக்கும், அந்த இழுப்பு முழுவதும் ஒரே ஒரு கவ்வியில் வந்து விழும். கொஞ்சம் தளர்ந்தாலும் கேரியர் சீட் போஸ்ட்டைச் சுற்றித் திரும்பிவிடும். வளைவில் உடம்பு ஒரு பக்கம் சாயப் பை இன்னொரு பக்கம் போகும். கார்பன் சீட் போஸ்ட்டிலும், உருண்டையாக இல்லாத சீட் போஸ்ட்டிலும் இது கூடாது. இரண்டு கிலோ மழைக் கோட்டும் டிபன் டப்பாவும் ஆபீசுக்கு எடுத்துப்போகப் பரவாயில்லை. 150 கிலோமீட்டருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது டீ வந்தது. அவள் போனில் பக்கவாட்டுப் பைகளின் படம் இருந்தது, சக்கரத்தின் இரு பக்கமும் தொங்குகிறவை. ஜெர்மன் தயாரிப்பு, பளிச்சென்ற மஞ்சள். “இதுதான் சித்தப்பா எனக்குப் பிடிச்சிருக்கு. உலகம் சுத்துறவங்க எல்லாம் இதைத்தான் வச்சிருக்காங்க.”

அவர்கள் வைத்திருப்பது உண்மைதான். 1981இல் ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்ற ஜெர்மன் இளைஞர் இங்கிலாந்தின் தென்பகுதியில் மழையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது, தார்பாலின் போர்த்திய லாரிகள் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தார். லாரிச் சரக்கு நனையவில்லை, தன் துணி நனைகிறதே என்று ஊர் திரும்பி அதே துணியில் பை தைத்தார். அவர் 1982இல் தொடங்கிய நிறுவனத்தின் பைகள் இன்றும் அந்த லாரி யோசனையில்தான் நிற்கின்றன. தையல் ஓட்டையில்லாமல் ஒட்டிய மூட்டு, வாயைச் சுருட்டி மடக்கிப் பூட்டும் மூடி, ஜிப் இல்லை. ஐப்பசி மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போயிருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் உலகம் சுற்றுகிறவர்களின் சைக்கிளும் இவளுடையதும் ஒன்றல்ல. வித்தியாசம் குதிகாலில் இருக்கிறது. அவளுடைய சைக்கிளின் அளவுப் பட்டியலைப் போனில் எடுக்கச் சொன்னேன். பெடல் கிராங்க் சுழலும் நடு அச்சிலிருந்து பின் ஆக்ஸில் வரை எவ்வளவு? 41 சென்டிமீட்டர். ரோடு சைக்கிளில் வழக்கமான அளவு. இப்போது கணக்குப் போடலாம். கிராங்க் 17 சென்டிமீட்டர். அது நேர் பின்னால் நீட்டியிருக்கும்போது பெடலின் அச்சு, நடு அச்சிலிருந்து 17 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். பெடலில் நாம் வைப்பது முன் பாதத்தை. அங்கிருந்து அவள் ஷூவின் குதிகால் இன்னும் 18 சென்டிமீட்டர் பின்னால். ஆக 35. ஆக்ஸிலுக்கு மீதி இருப்பது ஆறே சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பையை ஆக்ஸிலுக்கு நேர் மேலே நடுவாகத் தொங்கவிட்டால் அதன் முன் விளிம்பு ஆக்ஸிலுக்கு 15 சென்டிமீட்டர் முன்னால் வந்து நிற்கும். ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையை உதைக்கும். ஒரு நிமிடத்துக்கு எண்பது தொண்ணூறு மிதி. சுற்றுலாவுக்கென்றே செய்யும் சைக்கிள்களில் இந்த 41, 45ஆக இருக்கும். அந்த நாலு சென்டிமீட்டர்தான் அவர்கள் உலகம் சுற்றுவதன் ரகசியம்.

உதைக்கிறதே என்று பையைக் கேரியரில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் பின்னால் தள்ளி மாட்டலாம். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அப்போது பாரத்தின் நடு, ஆக்ஸிலைத் தாண்டிப் பின்னால் போய்விடுகிறது. வீட்டு ஊஞ்சல் பலகையின் ஓரத்தில் உட்காருவது போலத்தான். பின்பக்கம் அழுத்த அழுத்த முன் சக்கரம் லேசாகும். சமவெளியில் தெரியாது. எழுந்து நின்று மிதிக்கும்போதும் பக்கக் காற்று அடிக்கும்போதும் ஹேண்டில் கையில் நிற்காமல் அலையும்.

பக்கப்பை வேண்டும் என்றே இருந்தால் ஒரு தந்திரம் உண்டு. முன் சக்கரத்துக்கென்று விற்கும் சின்னப் பைகளை வாங்கிப் பின்னால் மாட்டுவது. ஒன்று பன்னிரண்டு லிட்டர் பிடிக்கும். அகலம் குறைவு, அதைவிட முக்கியமாக உயரம் குறைவு என்பதால் பையின் அடி, குதிகால் உதைக்கும் உயரத்துக்குக் கீழே இறங்குவதில்லை. கொஞ்சம் பின்னால் தள்ளினால் போதும்.

இதுவரை கேட்டுக்கொண்டிருந்தவள், “எவ்வளவு எடை தாங்கும்னு நீங்க சொல்லவே இல்லையே” என்றாள். அதை அவளைத்தான் கேட்டேன், “என்ன எடுத்துட்டுப் போகப் போறே?” அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். சாயங்காலம் போட ஒரு குர்தி, லெக்கிங்ஸ், உள்ளாடைகள், மறுநாள் ஓட்ட ஒரு ஜெர்சி, மெல்லிய ஈரிழைத் துண்டு, செருப்பு, மழைக் கோட்டு, சோப்பும் மருந்தும், சார்ஜர், பவர் பேங்க், இரண்டு டியூப், கருவிகள். கட்டிலில் பரப்பி, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கச் சொன்னேன். அன்று இரவு போன் வந்தது. மூன்று கிலோ எழுநூறு. தராசு இல்லாமல் கேட்டிருந்தால் எட்டு கிலோ என்று சொல்லியிருப்பாள். எட்டு கிலோவுக்கு ஏற்ற பை வாங்கியிருப்பாள். பையில் இடம் இருக்கிறதே என்று எட்டு கிலோவும் ஏறியிருக்கும்.

கேரியரின் மேல் எத்தனை கிலோ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிப் பாரம் ஏற்றக் கூடாது. 25 கிலோ என்று எழுதியிருப்பது கேரியரின் பலம். சக்கரத்தின் பலமும் ஃபிரேமின் பலமும் வேறு. சைக்கிளோடு வரும் கையேட்டில் பெரும்பாலும் ஓட்டுபவர், சைக்கிள், சாமான் மூன்றும் சேர்ந்த மொத்த வரம்பு இருக்கும். யாரும் பிரித்துப் படிக்காத அந்தத் தாளைத் தேடி எடுக்க வேண்டும். நாம் உட்கார்ந்திருக்கும்போதே நம் எடையில் பாதிக்கு மேல் பின் சக்கரத்தில்தான் இருக்கிறது. கேரியரில் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய முழுசாக அங்கேயே போய்ச் சேரும். கம்பி குறைந்த சக்கரத்தில் முதலில் அறுவது செயின் பக்கத்துக் கம்பி. என் கணக்கில், 28 கம்பிகளுக்குக் குறைந்த சக்கரம் என்றால் ஐந்து கிலோவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இது எந்தக் கையேட்டிலும் இல்லை. பல வருட ஓட்டத்தில் நானே எனக்குப் போட்டுக்கொண்ட எல்லை. சாமான் ஏற்றும் நாளில் பின் டயருக்கு வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் காற்றும் வேண்டும், டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் உச்சத்தைத் தாண்டாமல்.

மூன்று கிலோ எழுநூறு என்றதும் பாதிக் கேள்விகள் தாமாகவே விழுந்துவிட்டன. பெரிய பக்கப்பை ஜோடியே ஏறக்குறைய இரண்டு கிலோ இருக்கும். அதற்குத் தோதான கேரியர் இன்னொரு அரை கிலோவுக்கு மேல். நாலு கிலோவுக்கும் குறைவான துணியைச் சுமக்க இரண்டரை கிலோ கட்டமைப்பு. பத்து கிலோ சைக்கிளை ஆசையாகத் தேடி வாங்கியவள் இதைச் செய்யக் கூடாது.

இனி இருந்தது இரண்டு வழி. ஒன்று, சீட்டின் கீழ்க் கம்பியிலும் சீட் போஸ்ட்டிலும் பட்டை போட்டு இறுக்கி, பின்னால் வால் போல நீட்டிக்கொண்டிருக்கும் பை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும் 600 கிலோமீட்டரை நாற்பது மணி நேரத்திலும் முடிக்க வேண்டிய, பிரெவே எனப்படும் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டக்காரர்கள் பலரிடம் இதைப் பார்க்கலாம். 14 லிட்டர் பையே அரை கிலோவுக்குள் இருக்கும், கேரியர் வேண்டாம், காற்றும் தடுக்காது. எனக்குப் பிடித்த வழி இது. ஆனால் இதற்குச் சீட்டுக்கும் டயருக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும். அண்ணன் மகள் ஐந்தடி ஒரு அங்குலம். அவள் சீட் தாழ்ந்து நிற்கிறது. டயருக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பள்ளத்தில் பை டயரில் உரசினால் பத்தே கிலோமீட்டரில் துணி தேய்ந்து ஓட்டையாகும். இந்தப் பைகளின் விளம்பரப் படங்களில் இருப்பவர்கள் எல்லாம் ஆறடிக்காரர்கள். உயரம் குறைந்தவர்களுக்கு, குறிப்பாக நம் பெண்களுக்கு, இது பொருந்துமா என்று அளந்து பார்த்த பிறகே வாங்க வேண்டும். பொருந்துகிறவர்களுக்கு ஒரு சொல்: கனமான சாமான் சீட் போஸ்ட்டை ஒட்டி முன்னால், லேசான துணி வால் பக்கம். மாற்றி அடைத்தால் நாய் வால் போல ஆடும்.

இதற்கெல்லாம் மூதாதை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயரில் நெல்சன் என்ற ஊரில் 1932இல் தொடங்கிய காரடைஸ், தடித்த பருத்திக் கான்வாஸில் தோல் வார் வைத்து, சீட்டுக்குக் குறுக்கே தொங்கும் பையை இன்றும் தைக்கிறது. மழையில் நனைந்ததும் பருத்தி இழை ஊதிப் பருத்து நெசவின் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும், அதுவே நீர்க்காப்பு. உள்ளே ஈரத்துணி வைத்தாலும் புழுங்காது. நம் கடற்கரைக் காற்றுக்கு அதை நினைத்து நான் ஏங்கியதுண்டு.

அவளுக்கு நான் சொன்னது இரண்டாவது வழி. கேரியரின் மேல்தட்டில் படுத்துக்கொள்ளும் பெட்டிப் பை. எட்டிலிருந்து பன்னிரண்டு லிட்டர், அறுநூறு எழுநூறு கிராம். குதிகாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சில நிறுவனங்கள், தைவானின் டோபீக் போல, கேரியரின் மேல்தட்டில் தண்டவாளம் போலத் தடம் வைத்து, பையை அதில் சறுக்கி ‘டக்’ என்று பூட்டும்படி செய்கிறார்கள். டீக்கடையில் இறங்கும்போது ஒரே இழுப்பில் கையோடு எடுத்துப்போகலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அந்தப் பைக்கு அந்தத் தடம்தான், வேறு கேரியரில் உட்காராது. நான்கு ஒட்டுப்பட்டை வைத்த சாதாரணப் பை எதிலும் உட்காரும், கழற்றத்தான் நேரமாகும். பெரும்பாலான பெட்டிப் பைகளில் ஜிப் இருக்கும், ஜிப் இருந்தால் மழை உள்ளே வரும். மழைக்கு மேல்உறை கொடுக்கிறார்கள். அதை முழுதாக நம்பாமல், துணியை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையில் சுற்றியே வைக்க வேண்டும். பெட்டிப் பையின் ஒரே குறை, பாரம் உயரத்தில் இருப்பது. நின்று மிதித்தால் கொஞ்சம் ஆடும். மூன்று கிலோ எழுநூறுக்கு அந்த ஆட்டம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. எட்டு கிலோவுக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

கேரியர் எதில் செய்தது என்ற கேள்விக்கு வந்தோம். அலுமினியக் கம்பியில் செய்தது விலை குறைவு, துருப்பிடிக்காது, அறுநூறிலிருந்து எண்ணூறு கிராம். ஆனால் அலுமினியம் வளைந்து எச்சரிக்காது; பற்றவைத்த மூட்டில் மயிரிழை விரிசல் விட்டு, ஒருநாள் சட்டென்று அறும். மெல்லிய குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாயில் செய்தவை இதைவிடவும் லேசாக வரும் என்பது பலருக்கு ஆச்சரியம். ஜெர்மனியின் டூபஸ் செய்யும் ஃப்ளை என்ற கேரியர் அரை கிலோவுக்கும் கீழே. பதினெட்டு கிலோ வரை ஏற்றலாம். எஃகு வழியில் உடைந்தால் திண்டிவனத்திலோ செய்யூரிலோ ஏதாவதொரு வெல்டிங் பட்டறையில் பற்றவைத்துக்கொண்டு வீடு வந்துவிடலாம். தூரப் பயணம் போகிறவர்களை நான் எஃகு பக்கம்தான் தள்ளுவேன். மாதத்துக்கு ஒருமுறை மூன்று நாலு கிலோ ஏற்றுகிறவளுக்கு நல்ல அலுமினியமே போதும். பக்கப்பையை அவள் என்றாவது மாட்டக்கூடும் என்றால் கேரியரின் பக்கக் கால்கள் நேர்க்கோடாக இல்லாமல் பின்னோக்கி ஒரு வளைவு எடுத்திருக்க வேண்டும். பை உள்பக்கமாகச் சாய்ந்து கம்பிகளுக்குள் போய்ச் சிக்காமல் தடுப்பது அந்த வளைவுதான். டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால் பிரேக்கின் கவ்வி கேரியர் காலில் இடிக்கிறதா என்று மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

போல்ட்டுகளைப் பற்றி அன்று டீக்கடையிலேயே சொல்லியிருந்தேன். அப்போது என் குரல் கொஞ்சம் மாறியிருக்க வேண்டும், அவள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். சில வருடங்களுக்கு முன் மரக்காணத்துக்கு இந்தப் பக்கம், நல்ல இறக்கம் இல்லாத நேர்ச்சாலையில்தான் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ‘கிணுக் கிணுக்’ என்று மெல்லிய சத்தம் அரை மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பையில் சாவி ஆடுகிறது என்று நினைத்தேன். அது இடது பக்கக் கீழ் போல்ட் மரை கழன்று வெளியே வரும் சத்தம். போல்ட் விழுந்தது, கேரியரின் கால் கம்பிகளுக்குள் போனது, பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. பின்னால் வந்த பேருந்து எட்ட இருந்தது. அவ்வளவுதான் என் அதிர்ஷ்டம்.

அன்றிலிருந்து பின்னால் எந்தச் சத்தம் வந்தாலும் இறங்கிப் பார்ப்பேன். நன்றாகக் கட்டிய பை பேசாது. போல்ட் ஒவ்வொன்றிலும் நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு விட்டு, வாஷர் வைத்து முடுக்க வேண்டும். உப்புக் காற்றில் எஃகு போல்ட்டும் அலுமினிய மரையும் ஒன்றையொன்று அரித்துப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் அந்தப் பசை ஒரு காப்பு. பலம் காட்டி முறுக்கினால் அலுமினிய மரை வழுக்கிப்போகும். குட்டை ஆலன் கீயின் நீளக் கையைத் தொலைவில் பிடிக்காமல், நடுவில் பிடித்து உறுதியாக நிற்கும்வரை திருகினால் சரி. செயின் பக்கக் கீழ் போல்ட்டில் இன்னொரு கவனம் உண்டு. போல்ட் நீளமாக இருந்தால் அதன் நுனி ஃபிரேமுக்கு உள்பக்கம் எட்டிப்பார்க்கும். செயின் மிகச் சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்கும்போது அந்த நுனியில் உரசும், சில சமயம் சிக்கும். மாட்டியதும் கடைசி கியரில் போட்டுப் பெடலைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். உரசினால் போல்ட்டை அரத்தால் ராவிக் குறைக்கலாம், அல்லது வெளிப்பக்கம் இன்னொரு வாஷர் வைக்கலாம். அதே அளவில் இரண்டு உதிரி போல்ட்டும் நாலு கேபிள் டையும் பையில் கிடக்கட்டும்.

பின் விளக்கைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். சீட் போஸ்ட்டில் மாட்டிய சிவப்பு விளக்கைப் பெட்டிப் பை முழுசாக மறைத்துவிடும். விடியுமுன் கிளம்புகிறவர்கள் நாம். பின்னால் வரும் லாரிக்காரருக்கு நாம் தெரிவது அந்த ஒரு விளக்கில்தான். கேரியரின் பின் விளிம்பில் விளக்கு மாட்டும் தகடு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பையின் பட்டை நுனிகளை மடித்துக் கட்டுவதும் இதோடு சேர்ந்த வேலை. தொங்குகிற ஒரு பட்டை கம்பிக்குள் போனால் போதும்.

அடுத்த சனிக்கிழமை அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாட்டினோம். அண்ணன் ஸ்பானர் டப்பாவோடு வந்து உட்கார்ந்துகொண்டார். 31.8 வளையம், அலுமினியக் கேரியர், பத்து லிட்டர் பெட்டிப் பை. மேல்தட்டு தரைக்கு மட்டமாகவும் டயருக்கு மூன்று விரல் மேலேயும் நிற்கும்படி முன் கைகளை வளைத்துச் சரிசெய்தோம். மூன்று கிலோ எழுநூறையும் அடைத்து, சைக்கிளை ஒரு சாண் தூக்கிக் கீழே போடச் சொன்னேன். சத்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே டீக்கடை வரை ஓட்டிவந்தோம். டீ வருவதற்குள் அவள் ஆலன் கீயை எடுத்துப் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஆறு போல்ட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இடது பக்க மேல் போல்ட் மட்டும் கால் சுற்று ஏறியது. மற்ற ஐந்தும் அசையவில்லை.